ஃபைட்டர் மீன்கள் மோதிக்கொண்டால்: பிரிப்பதும் காயம் ஆற்றுவதும்

தொட்டியில் இந்த நிமிடம் சண்டை நடந்துகொண்டிருந்தால், கீழே உள்ள ஆறு படிகளை மட்டும் படித்து, அவற்றைச் செய்துவிட்டு வாருங்கள். மீதியை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

### உடனே செய்ய வேண்டியது

1. தொட்டி விளக்கை அணையுங்கள். ஹீட்டரோ மோட்டாரோ ஓடினால் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வையுங்கள். அவசரத்தில் பலரும் மறப்பது இதைத்தான்.

2. இரண்டு மீன்களுக்கும் நடுவே ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி எதையாவது இறக்குங்கள். பிளாஸ்டிக் ஃபைல், சன்பேக் ஷீட், சாப்பாட்டுத் தட்டு என்று கைக்கு எது கிடைத்தாலும் சரி. எதிரி கண்ணிலிருந்து மறைந்தாலே வேகம் பாதி அடங்கிவிடும்.

3. வாயோடு வாய் கவ்விக்கொண்டு கிடந்தால் பிடித்து இழுக்காதீர்கள், தாடை கிழியும். இந்த மீன்கள் அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். அதற்காகத் தாமாகவே பிடியை விடும். அந்த இடைவெளியில் தடுப்பை இறக்குங்கள்.

4. வலை வேண்டாம். கிழிந்த துடுப்பு வலைக்கண்ணில் சிக்கி இன்னும் கிழியும். அகல வாய் டப்பாவை அல்லது டம்ளரைச் சாய்த்து மூழ்கவிட்டு, மீனைத் தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுங்கள்.

5. அடி அதிகம் பட்ட மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பாத்திரத்தில் முதலில் பழைய தொட்டித் தண்ணீரையே ஊற்றுங்கள். ஏற்கெனவே மிரண்டிருக்கும் மீனுக்குப் புதுத் தண்ணீர் இரண்டாவது அதிர்ச்சி.

6. மூடி போடுங்கள். மிரண்ட ஃபைட்டர் துள்ளி வெளியே விழும். இரண்டு பாத்திரங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நடுவே நாளிதழை மடித்து வையுங்கள்.

குச்சியால் குத்துவது, கண்ணாடியைத் தட்டுவது, ஐஸ் தண்ணீர் ஊற்றுவது மூன்றும் கூடாது. முதல் இரண்டால் பயன் இல்லை. மூன்றாவது மீனைக் கொல்லும்.

### எதற்காக இத்தனை கோபம்?

சுருக்கமாகச் சொன்னால் போதும். ஃபைட்டர் என்று நாம் சொல்லும் பீட்டா மீனின் தாயகம் தாய்லாந்து. அங்கே பந்தயச் சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட இனம் இது. 2019-இல் அந்நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆணைக் கண்டால் செவுள் மூடியை விரித்துக் காட்டும், வாலால் தண்ணீரை அடித்துத் தள்ளும், அதற்கும் மசியாவிட்டால் கடிக்கும்.

அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசில் பொங்கலுக்குப் பொங்கல் நடக்கும் சேவல் சண்டையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே தோற்கிற சேவல் களத்தை விட்டு ஓடலாம். வயல் ஓரங்களில் வாழும் பீட்டாவும் அப்படித்தான், தோற்றால் செடிக்குள் புகுந்து மறைந்துவிடும். கண்ணாடித் தொட்டியில் ஓட இடமில்லை. நாலு கடியோடு முடிய வேண்டிய தகராறு சாவு வரை போவது அதனால்தான்.

வேடிக்கைக்காக விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதனைத் தவிர்த்த எல்லா உயிரும்தான், மீனும் சேர்த்தி. ‘சும்மா ஒரு நிமிஷம் விட்டுப் பார்க்கலாம்’ என்று வீட்டுப் பையன்கள் சொன்னால் இதைச் சொல்லி நிறுத்துங்கள்.

### காயத்தைப் பார்ப்பது எப்படி

மீனைக் கையில் எடுக்காதீர்கள். பாத்திரத்துக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கடி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் கூடுதலாக இருக்கும்.

துடுப்பும் வாலும் கிழிந்திருந்தால் கவலைப்படாதீர்கள். பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கும். ஹாஃப்மூன் ரகத்தின் வால் நார்நாராகத் தொங்கினாலும் அடிப்பகுதி சிதையாமல் இருந்தால் திரும்ப வளரும்.

செதில் உதிர்ந்த இடம் வெளிறிய புள்ளியாகவோ சிவப்பாகவோ தெரியும். கிருமி உள்ளே புகும் வழி இது. ஒரு வாரம் தினமும் கண் வையுங்கள்.

வாயும் தாடையும் அடிபட்டால் மீன் தீனியைக் கவ்வித் துப்பும். சில நாள் சாப்பிடாமல் இருப்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள். வாய் மூடவே இல்லை, அல்லது வாயோரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்றால்தான் ஆபத்து.

செவுள் அடிபட்டிருந்தால் நிலைமை மோசம். ஒரு பக்க மூடி தூக்கிக்கொண்டே நிற்கும், உள்ளே ரத்தம் தெரியும், மீன் மேல்மட்டத்திலேயே மிதந்து அடிக்கடி காற்று குடிக்கும். இதில் ஓர் ஆறுதல், பீட்டாவுக்குச் செவுள் மட்டுமே மூச்சு அல்ல. நம் ஊர்ப் பனையேறிக் கெண்டையைப் போல, தலைக்குள் இருக்கும் ஒரு மடிப்பு உறுப்பின் வழியாக நேரடியாகக் காற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே செவுள் அடிபட்ட மீனைக் குறைந்த உயரத் தண்ணீரில் வைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

கண் வீங்கினாலோ மங்கினாலோ சுத்தமான தண்ணீர்தான் முதல் மருந்து. பார்வை திரும்பாவிட்டாலும் ஒற்றைக் கண்ணோடு பல மாதம் நன்றாக வாழும்.

குறிப்பு: தொட்டியில் தனியாக இருக்கும் மீனின் வால் கிழிந்திருந்தால் எதிரியைத் தேடாதீர்கள். வாலில் அரைவட்டமாகக் கவ்விய தடம் இருந்தால் அது தன் வாலைத் தானே கடித்திருக்கிறது. நீள வால் ரகங்களில் இது சகஜம். நாளெல்லாம் கண்ணாடியில் தன் பிம்பத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு காரணம். தடம் ஒழுங்கற்ற கீறலாக இருந்தால் பிளாஸ்டிக் செடியைச் சந்தேகியுங்கள். பழைய நைலான் துணியை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். துணி மாட்டினால் வாலும் மாட்டும்.

### சிகிச்சைத் தொட்டி

பெரிய செலவு எதுவும் இல்லை. 5 முதல் 10 லிட்டர் பிடிக்கும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் போதும். மணல், கல், அலங்காரம் எதுவும் வேண்டாம். அடியில் கழிவு தெரிய வேண்டும். தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கட்டும். செம்பு, பித்தளைப் பாத்திரத்தைப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். செம்பு மீனுக்கு விஷம், மென்மையான தண்ணீரில் அதன் வேகம் இன்னும் அதிகம்.

கோவை வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு: சிறுவாணியோ பில்லூரோ வரும் நல்ல தண்ணி, போரில் வரும் உப்புத் தண்ணி. எதைப் பயன்படுத்துவது என்பதைவிட, மீன் இதுவரை எதில் இருந்ததோ அதிலேயே சிகிச்சையும் நடக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். போர் தண்ணீரில் பழகிய மீனை ‘நல்ல தண்ணீர்தானே’ என்று திடீரென்று சிறுவாணிக்கு மாற்றினால் காயத்தைவிட அந்த மாற்றமே அதைச் சாய்க்கும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றக் கூடாது, அதில் தாது உப்பு இல்லை.

குழாய்த் தண்ணீரைத் திறந்த பக்கெட்டில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். பல நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் பகுதிகளில் எப்படியும் பிடித்துத்தான் வைக்கிறோம், அதில் ஒரு பக்கெட்டை மீனுக்கென்று ஒதுக்குங்கள். அவசரமென்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் கேட்டு வாங்கிப் புட்டியில் போட்டிருக்கும் அளவில் விடலாம்.

வெப்பம் 26, 27 டிகிரியில் நிலையாக இருக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் கவலை இல்லை. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் நாட்களிலும், இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் மார்கழி, தை மாதங்களிலும் சிறிய பாத்திரம் சட்டென்று குளிர்ந்துவிடும். காயம் ஆறுவது மந்தமாகும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஹீட்டர் வைக்காதீர்கள், உருகும். மீன் பாத்திரத்தை ஒரு பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் வைத்து, வெளியே உள்ள தண்ணீரில் ஹீட்டரைப் போடலாம். மின்சாரம் போனால் தெர்மாகோல் பெட்டிக்குள் பாத்திரத்தை இறக்கி வைத்தால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

இன்னொன்று. மீன் இருக்கும் அறையில் கொசு ஸ்ப்ரே அடிக்காதீர்கள், கொசுவர்த்தியும் லிக்விட் மெஷினும் வேண்டாம். அவற்றில் உள்ள பூச்சிக்கொல்லி வகை மீன்களுக்குக் கடும் விஷம். ஃபைட்டரோ அறைக் காற்றையே குடிக்கிற மீன்.

### உப்பு: அளவும் முறையும்

சிறு காயங்களுக்கு உப்புப் போதும். அளவு தெரியாமல் ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவதுதான் பிரச்சினை.

1. லிட்டருக்கு 1 கிராம் என்று கணக்கிடுங்கள். 5 லிட்டர் பாத்திரத்துக்கு 5 கிராம், அதாவது பொடித்த உப்பு தலைதட்டி ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். சமையலறைத் தராசு இருந்தால் எடை போடுவதே நல்லது.
2. வேறு எதுவும் கலக்காத கல்லுப்பு எடுங்கள். பாக்கெட்டில் அயோடின் என்று போட்டிருந்தாலும் பதற வேண்டாம், இந்த அளவில் அது மீனைக் கொல்லாது.
3. டம்ளர் தண்ணீரில் முழுதும் கரையுங்கள். கல்லாக மீன்மேல் போட்டால் தோல் வெந்துபோகும்.
4. கரைசலை மூன்றாகப் பிரித்து, ஒரு மணி நேர இடைவெளியில் ஊற்றுங்கள்.
5. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஊற்றும் புதுத் தண்ணீருக்கு மட்டும் உப்பைக் கணக்கிடுங்கள். தண்ணீர் ஆவியாகிக் குறைந்திருந்தால் வெறும் தண்ணீரால் நிரப்புங்கள். உப்பு ஆவியாகாது.
6. 7 முதல் 10 நாளில் நிறுத்துங்கள். மூன்று நாள் உப்பில்லாத தண்ணீர் மாற்றினால் தானே குறைந்துவிடும்.

பாதாம் இலையையும் பலர் சொல்வார்கள். தெருவோரம் நிற்கும் நாட்டு பாதாம் மரத்திலிருந்து தானாக உதிர்ந்த பழுப்பு இலையை, தூசு போகக் கழுவிக் காயவைத்து, 10 லிட்டருக்கு உள்ளங்கை அளவு போடலாம். தண்ணீர் டீ நிறமாகும், மீன் அமைதியாகும். ஆனால் அதை மருந்து என்று நம்பி உட்கார வேண்டாம். கடினமான போர் தண்ணீரில் அதன் பலன் இன்னும் குறைவு. மஞ்சள் தூளும் வேண்டாம். காயம் என்றால் மஞ்சள் என்பது நம் கை பழகிவிட்ட வழக்கம். தொட்டியில் அது செவுளில் படியும், தண்ணீர் கலங்கி மீனையே பார்க்க முடியாமல் போகும்.

### முதல் பத்து நாள்

முதல் நாள் தீனி வேண்டாம். மறுநாள் இரண்டு குருணை போட்டுப் பாருங்கள். தின்னாததை ஐந்து நிமிடத்தில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தெளிந்த பிறகு ஆர்டீமியாவோ உறையவைத்த பிளட் வார்மோ கொடுத்தால் உடல் தேறும். சாக்கடையில் அள்ளும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவைப் புண் ஆறும்வரை தள்ளி வையுங்கள்.

கிழிந்த ஓரத்தில் கண்ணாடி போலத் தெளிவான மெல்லிய சவ்வு தெரிந்தால் வளர்ச்சி தொடங்கிவிட்டது. ஒன்றிரண்டு வாரத்தில் இது தெரியும். முழு வால் வர மாதங்கள் ஆகலாம், நிறம் முன்போல அமையாமலும் போகலாம்.

ஓரம் கறுத்தோ சிவந்தோ நாளுக்கு நாள் குறைந்தால் அது துடுப்பு அழுகல். புண்மேல் பஞ்சு போல் பூத்தால் பூஞ்சை. இரண்டுக்கும் முதலில் தண்ணீர் மாற்றுவதைக் கூட்டுங்கள். இரண்டு நாளில் அடங்காவிட்டால் மெத்திலீன் ப்ளூ பயன்படுத்தலாம். அடர்த்தி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே புட்டியில் உள்ள அளவுதான் அளவு. இதைச் சிகிச்சைப் பாத்திரத்தில் மட்டும் விடுங்கள். பெரிய தொட்டியில் விட்டால் ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும்.

வாயைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு, முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய பட்டை, ஓரிரு நாளில் வேகமாகப் பரவுதல்: இது பூஞ்சை போலத் தெரிந்தாலும் காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். வெப்பம் கூடினால் இது வெறிகொண்டு பரவும். ஹீட்டரை 24 டிகிரிக்கு இறக்கிவிட்டு, மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தேடுங்கள். இந்த மீனுக்குப் பயன்படுத்திய டப்பாவை மற்றத் தொட்டிகளில் பயன்படுத்தாதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் டெட்ராசைக்ளின் வாங்கி, கேப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீரில் தட்டுவது இங்கே பரவலாக உள்ள பழக்கம். கடினமான தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். கொங்கு நாட்டுப் போர் தண்ணீரில் அது பாதி வேலைகூடச் செய்யாது, எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகளைத்தான் வளர்க்கும். மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

உங்கள் கையில் வெட்டோ கீறலோ இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மீன் தொட்டித் தண்ணீரிலிருந்து தோலில் புகுந்து ஆறாப் புண்ணாகும் பாக்டீரியா உண்டு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

### ஜோடி சேர்க்கும்போது வரும் காயம்

இரண்டு ஆண்களை ஒன்றாக விடுபவர்கள் குறைவு. வீடுகளில் அதிகம் அடிபடுவது இனப்பெருக்கத்துக்கு விடப்படும் பெண் மீன்தான்.

1. முட்டை நிறைந்து வயிறு உப்பிய பெண்ணை, அடியில்லாத கண்ணாடிச் சிம்னிக்குள் அல்லது தெளிவான பாட்டிலுக்குள் விட்டு, ஆணின் தொட்டியில் நிறுத்துங்கள்.
2. ஆண் நுரைக்கூடு கட்டட்டும். பெண்ணின் உடலில் செங்குத்தான கோடுகள் தெரிய வேண்டும். நீளவாக்கில் கோடு ஓடினால் அது பயத்தின் அடையாளம், விடாதீர்கள்.
3. தொட்டியில் பாதியாவது செடி இருக்க வேண்டும். ஒளிய இடமில்லாத தொட்டியில் ஜோடி சேர்க்கக் கூடாது.
4. காலையில் விடுங்கள், நீங்கள் வீட்டில் இருக்கும் நாளாக. கொஞ்சம் துரத்தலும் சிறு கிழிசலும் இயல்பு. பெண் மூலையில் ஒடுங்கி, ஆண் விடாமல் கடித்தால் அன்றைக்கு அதோடு சரி, பிரித்துவிடுங்கள்.
5. முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை உடனே எடுத்து உப்புப் பாத்திரத்தில் விடுங்கள். கூட்டைக் காக்கும் ஆண் அதற்குமேல் அவளைப் பகையாகத்தான் பார்க்கும்.
6. குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுங்கள்.

### கடையில் நடக்கும் பிழை

உக்கடம் பக்கமோ டவுன்ஹால் பக்கமோ மீன் கடையில் நிற்கிறீர்கள். “அண்ணா, இது ஃபீமேல்தானுங்களா?” என்று கேட்டால், “ஆமாங்க, வால் சின்னதா இருக்குது பாருங்க” என்று பதில் வரும். வால் சின்னதாக இருப்பது சான்று அல்ல. பிளக்காட் ரகத்தில் ஆணுக்கும் வால் குட்டைதான். அதைப் பெண் என்று வாங்கி ஹாஃப்மூன் ஆணோடு விட்டால் நீள வால்காரன் கந்தலாகிவிடுவான், குட்டை வால் வேகமாகத் திரும்பும். வயிற்றுக்கு அடியில், துடுப்பு தொடங்கும் இடத்துக்கு முன்னால் உப்பு மணி அளவில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் பெண்ணின் அடையாளம். சந்தேகம் இருந்தால் கையடக்கக் கண்ணாடியைக் காட்டுங்கள். தாடிபோல் அகன்ற சவ்வை இறக்கிச் செவுளை விரித்தால் பெரும்பாலும் ஆண்.

வண்டியில் கொண்டுவரும்போதும் கவர்களுக்கு நடுவே தாள் வையுங்கள். உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி வரை செவுளை விரித்துக்கொண்டே வந்த மீன் வீடு சேரும்போது களைத்துப்போயிருக்கும்.

### ஆறிய பிறகு

பழைய தொட்டியில் திரும்பச் சேர்க்கலாமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. இரண்டு ஆண்கள் என்றால் கூடாது, எத்தனை பெரிய தொட்டியானாலும். தடுப்பு வைத்துத்தான் வளர்க்க வேண்டும் என்றால் தடுப்பு ஒளி ஊடுருவாததாக இருக்கட்டும், மூடி வரை உயரட்டும், ஓரத்தில் மீன் தலை நுழையும் சந்து இருக்கக் கூடாது.

பெண்கள் மட்டும் சேர்ந்து வாழலாம் என்பது பாதி உண்மை. ஐந்துக்குக் குறையாத பெண்கள், 75 லிட்டருக்குக் குறையாத தொட்டி, கண்ணை மறைக்கும் அளவுக்குச் செடி வேண்டும். அப்போதும் ஒருத்தி மற்றவர்களை ஆட்டிவைப்பாள். அவளை எடுக்க ஒரு காலிப் பாத்திரம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கப்பி ஆணின் அலங்கார வாலை ஃபைட்டர் எதிரியாக நினைக்கும், டைகர் பார்ப் ஃபைட்டரின் வாலைக் கொறிக்கும். இரண்டும் வேண்டாம். துணை கட்டாயம் வேண்டுமென்றால் நத்தை விடுங்கள். 40 லிட்டருக்கு மேல் இடம் இருந்தால் கோரிடோரஸ் கூட்டம் விடலாம்.

மிஞ்சிய மீனை வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது தெரிந்தவர் வீட்டுக்குக் கொடுங்கள். உக்கடம் பெரியகுளத்திலோ சிங்காநல்லூர்க் குளத்திலோ நொய்யலிலோ விட்டுவிட்டு வராதீர்கள்.